இன்னும் இரண்டு கிலோ

செப். 2, செவ்வாய்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. முற்றம் கூட்டினேன், திரும்பிப் பார்த்தால் மறுபடி புழுதி. விளக்குமாற்றை எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

சமையல்: குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை, பால் விடாத மீன்குழம்பு. எல்லாம் கிளினிக் வகுப்பில் சொல்லித்தந்த அளவுப்படி. முக்கால்வாசி, வேலியில் உள்ள பொட்டு வழியாகப் பக்கத்து வளவுப் புஷ்பம் மச்சாளுக்கு.

சனிக்கிழமை நிறுவை. அதை நினைத்தால் எல்லாம் திரும்ப ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் உடம்பு குறைக்கிற ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று ஆசைப்பட்டுப் போனது மச்சாள்தான், இவரின் அக்கா. 85 கிலோவுக்கு இறங்கினால்தான் முழங்காலில் கை வைப்பேன் என்று எலும்பு டொக்டர் சொல்லிவிட்டார். அப்போது 96. நான் சும்மா துணைக்குப் போனவள், 79. யார் எந்தக் குழு என்று பிரிக்க ஆளுக்கொரு உறை எடுக்கச் சொன்னார்கள். எனக்கு வகுப்பு, சமையல் பழக்கம், சின்னத் தராசு, தினம் எழுத ஒரு உணவுக் கொப்பி. மச்சாளுக்கு, எதைத் தின்னலாம் என்று அச்சடித்து மடித்த காகிதம் ஒன்று. அவ்வளவுதான். சாவகச்சேரி வரும்வரை பஸ்ஸில் அழுதார். பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன மரமா?

அன்று தொடங்கியது இந்தச் சாப்பாட்டுக் கைமாற்று. மூன்று மாதம். கிளினிக்கில் யாருக்கும் தெரியாது.

பி.ப. கோப்பை திரும்பி வந்தது. வெறுங்கோப்பை திருப்பி அனுப்பினால் மச்சாளுக்கு நித்திரை வராது. இன்று பயத்தம் பணியாரம் ஐந்து. "தம்பிக்குக் குடும், எலும்பும் தோலுமா இருக்கிறான்." தம்பி இனிப்பைத் தொடமாட்டார் என்பது அறுபது வருடமாகியும் அக்காவுக்குத் தெரியாது. நான் மூன்று தின்றேன். பிறகு மற்ற இரண்டும்.

கொப்பியில்: குரக்கன் பிட்டு, வறை, மீன். சமைத்ததை எழுதினேன். தின்றதை இல்லை.

செப். 4, வியாழன்

9ஆம் வகுப்புத் தவணைத் தாள்கள் திருத்தி முடியவில்லை. இரண்டு பேர் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருக்கிறார்கள். இருவருக்கும் பூச்சியம். ஆசிரியர் அறையில் எனக்குக் கேளாது என்று நினைத்து ஒருத்தி: "ஜெயம் ரீச்சர் மெலியிற ஆய்விலை எல்லே நிக்கிறா? மெலிஞ்சது ஆய்வுதான் போலை."

சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

பின்னேரம் மச்சாள் பாவாடை இடுப்பை மடித்துக் குத்திக் காட்டினார். கிணற்றடிப் படியில் கை பிடிக்காமல் ஏறினார். நான் வாய் பார்த்து நின்றேன். அறுபத்துநாலு வயதில் அப்படி ஒரு பெருமை முகத்தில்.

கோப்பையில் தொதல், எண்ணெயும் சர்க்கரையுமாக.

செப். 6, சனி

மு.ப. 7.15 பஸ். இருக்க இடமில்லை. ஒரு பெடியன் எழும்பி மச்சாளுக்கு இடம் கொடுத்தான், எனக்கும் யாரோ கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது பிடிக்கவில்லை.

நிறுவை: மச்சாள் 87. நான் 82.

நர்ஸ் பிள்ளை தராசைத் தட்டிப் பார்த்தாள், இரண்டாம் முறை ஏறச் சொன்னாள். அதே 87. "அம்மா, உங்களுக்கு ஆரும் சொல்லித்தந்தவையோ?"

மச்சாள் கண் வெட்டாமல்: "ஓம் பிள்ளை. நீங்கள் தந்த காகிதம். விடிய எழும்பினா வேதத்துக்கு அடுத்து அதைத்தான் வாசிக்கிறனான்."

பிள்ளை அதைச் சந்தோசமாக எழுதினாள். ஆய்வை நடத்துகிற டொக்டர் அம்மாவும் வந்து பார்த்தார். "காகிதமே இப்பிடி வேலை செய்தா, இவ்வளவு மினக்கெட்டு வகுப்பு ஏன் வைக்கிறம்?" பகிடிதான். ஆனால் முகத்தில் யோசனை இருந்தது. இரத்தம் எடுத்தார்கள்.

85 வந்ததும் எலும்பு டொக்டருக்குத் தானே கடிதம் தருவதாக மச்சாளிடம் சொன்னார். இன்னும் இரண்டு கிலோ.

திரும்பும்போது மச்சாளுக்கு ஒரே கலகலப்பு. நான் மடியில் உணவுக் கொப்பியைப் பிடித்திருந்தேன். பார்த்தெழுதிய இரண்டு பெடியளுக்கு வியாழக்கிழமை பூச்சியம் போட்ட கை இது.

செப். 7, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு மாமரத்தடியில் மச்சாளிடம் சொன்னேன்: உண்மையைச் சொல்லப்போகிறேன். எங்களால் வகுப்பு வேண்டாமென்று போனால், மச்சாளைப் போல முழங்காலோடு வருகிற மற்றவர்களுக்கு என்ன கிடைக்கும்?

மாமரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, மெதுவாக: "ஆய்விலையிருந்து வெளியிலை விட்டிடுவினம், ஜெயம். கடிதமும் தராயினம். ரெண்டு கிலோ. ரெண்டே ரெண்டு கிலோ. அதுக்குப் பிறகு சொல்லும், நானும் கூட வந்து சொல்லுறன்."

எட்டு வருடமாக ஆலயத்தில் முழந்தாளிட முடியாமல் வாங்கில் இருந்தே ஜெபிக்கிற மனுசி. சரி என்றேன்.

சரி என்றது பிழை. தெரிந்தேதான் சொன்னேன்.

செப். 9, செவ்வாய்

வெக்கை. மின்சாரம் இரண்டு மணித்தியாலம் இல்லை.

நர்ஸ் பிள்ளை போன் பண்ணினாள். எனக்கு இரத்தத்தில் சீனி கூடிவிட்டதாம். நல்லாக் கூடிவிட்டதாம். வியாழன் வரவேண்டும், கொப்பியும் கொண்டுவரவேண்டும். "நீங்கள் எழுதியிருக்கிற சாப்பாட்டுக்கு இது வரக்கூடாது ரீச்சர்." பாவம், தன் வகுப்பில் பிழையோ என்று கவலைப்படுகிறாள்.

என் அம்மாவுக்கும் சீனி. கடைசியில் கால். அதை இங்கே எழுத விருப்பமில்லை.

யாருக்கும் சொல்வதில்லை என்றிருந்தேன். இவர் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். செருப்பைப் போட்டுக்கொண்டு அக்கா வளவுக்குப் போனார். முப்பது வருடத்தில் இவர் கோபமாக நடந்து நான் கண்டது இரண்டு தரம். இது மூன்றாவது.

வேலிக்கு அங்கால் இவர் குரல்: "அக்கா, நீங்கள் விட்ட ஒரு பணியாரமும் நான் தின்னேல்லை. எல்லாம் அவள்தான்."



செப். 11, வியாழன்

அரைநாள் லீவு. தனியாகப் போனேன். நேற்று முழுக்க மச்சாள் முகம் காட்டவில்லை.

டொக்டர் அம்மா கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் வாயைத் திறக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. மச்சாள். வியர்வையில் நனைந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. அடுத்த பஸ்ஸில் வந்து, ஸ்ராண்டிலிருந்து ஓட்டோவும் பிடிக்காமல் நடந்திருக்கிறார். அந்தக் காலோடு.

"டொக்டர், அவவை ஏசாதேங்கோ. அவவின்ரை சாப்பாட்டை மூண்டு மாசமாத் திண்டது நான். நான் அனுப்பினதை அவ திண்டவ. காகிதத்தை நான் ஒருநாளும் வாசிக்கேல்லை. கண்ணாடி இல்லாமல் அது எனக்குத் தெரியவும் தெரியாது."

நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினாள்.

டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. சொன்னவை:
– ஆய்விலிருந்து வெளியே தள்ளமாட்டார்கள். யார் எந்த உறை எடுத்தார்களோ அந்தப் பக்கத்திலேயேதான் கடைசிவரை எண்ணுவார்கள்.
– ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். எழுதினார். இருவரும் கையெழுத்து.
– கடிதத்துக்கும் ஆய்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 85 வந்தால் அன்றே தருவார். "இதை முதலே கேட்டிருக்கலாமே, ரீச்சர்."

கேட்டிருக்கலாம். கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை படித்தும்.

பிறகு என் சீனி. குளிசை தொடங்கியாயிற்று. மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பார். அதற்குள் இறங்காவிட்டால் ஊசி.

பஸ்ஸில் மச்சாள்தான் இருவருக்கும் காசு கொடுத்தார். பிறகு யன்னலைப் பார்த்தபடி: "முழங்கால் என்ரை. அதுக்கு உம்மடை உடம்பைக் குடுக்கச் சொல்லி ஆர் கேட்டது?"

என் கையைப் பிடித்து வைத்திருந்தார். இறங்கும்வரை விடவில்லை.

செப். 19, வெள்ளி

ஒரு வாரமாக எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே சட்டியில், என் குசினியில், என் தராசில். இவருக்கும் அதுதான். முணுமுணுக்கிறார், தின்கிறார்.

இன்று மச்சாள் தனியாகப் போய் நிறுத்து வந்தார். 85. சரியாக 85. கடிதமும் கிடைத்தது, எலும்பு டொக்டர் சத்திரசிகிச்சைக்கு ஒக்டோபரில் திகதியும் தந்திருக்கிறார்.

அடுத்த வசனம்: "வேண்டாமெண்டிட்டன். ஜனவரியிலை போடச் சொன்னனான்."

"ஏன் மச்சாள்?"

"உம்மடை சீனியைத் திரும்பப் பாக்கிறது டிசம்பரிலை. நான் கட்டிலிலை கிடந்தா உம்மை ஆர் பாக்கிறது? அது இறங்கட்டும். பிறகு நான் வெட்டுறன்."

ஏசினேன். கெஞ்சினேன். இவரை விட்டும் சொல்லிப் பார்த்தேன். "நொண்டி நொண்டி நிப்பன், நீர் பாத்துக்கொண்டிரும்" என்றார். சுவரோடு கதைத்தாலும் சுவர் இரங்கும்.

செப். 21, ஞாயிறு

காற்று குறைவு. ஆராதனை நீண்டுவிட்டது. மச்சாள் வாங்கில் இருந்தபடியே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார், ஜெபம் முழுக்க.

பிறகு தேநீர். போதகரம்மா தன் கையால் செய்த ரவைக் கேக், தட்டோடு என் முன்னால். ஓரம் நன்றாகச் சிவந்திருந்தது. வேண்டாம் என்றேன். அந்த மேசையில் என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுதான் முதல்தரம்.

"என்ன ஜெயம், உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

"எனக்கு ஒண்டுமில்லை அம்மா. மச்சாளுக்கு முழங்கால்."