பதினோராம் அத்தியாயத்துச் சாட்சி

மார்ச் 2

நாவல் சக்கரவர்த்தியாகிய என் அக்கா மகனுக்கு,

மாமனின் ஆசிகள். உன் புத்தகம் வந்தது. அதைச் சுமந்த தபால்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு தவழ்ந்தே போனார். முதல் பத்து அத்தியாயங்களைப் படித்தேன். நடுவில் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

உன் கதாநாயகன் எதிலும் சேராமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். விமர்சகர்கள் சோம்பேறி என்பார்கள். மடையர்கள்! அவன் அத்வைதம் சொல்லும் சாட்சியடா, எதிலும் ஒட்டாதவன். எழுதுகிறவன், படிக்கிறவன், பாத்திரம் மூன்றும் ஒன்றே என்று நாற்பது வருஷமாகக் கத்துகிறேன். காது கொடுத்தவன் நீ ஒருத்தன்தான்.

என் மகள் பாப்பாவும் ஒரு பிரதி வாங்கிவிட்டாள். “அப்பா, இன்னும் பத்துலயேதான் இருக்கீங்களா?” என்று கேலி வேறு.

அன்பு மாமா

மார்ச் 5

மருமகனுக்கு,

பதினொன்றைப் படித்தேன். எனக்கு முன்னால் பாப்பா படித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சாகப்போகிற மனைவி கையை நீட்டித் துழாவுகிறாள். வெளியே, அவசரத்தில் ஜோடி மாறின செருப்போடு ஓடி வந்த புருஷன், “நான் வெறும் சாட்சி” என்று முணுமுணுத்துக்கொண்டு நாவல் படிக்கிறான்.

நான் அன்று செய்த இதை ஆயுளில் உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் அம்மாவின் கையைக் கடைசிவரை பிடித்திருந்தேன் என்றுதான் பாப்பாவுக்குச் சொல்லியிருந்தேன்.

“அந்த ஜோடி மாறின செருப்பு உங்களோடதுதானே, அப்பா?” என்று கேட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏண்டா?

மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமா,

கோபப்படாதீர்கள். எல்லாம் ஒன்றே என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? அப்புறம் உங்கள் கதை, என் கதை என்று பிரிக்க என்ன இருக்கிறது? எல்லாரும் பதினோராம் அத்தியாயத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். பாப்பாவுக்குப் போகப்போகச் சரியாகிவிடும். அடுத்த பதிப்புக்கு நீங்களே முன்னுரை எழுத வேண்டும்.

உங்கள் மருமகன்

மார்ச் 14

நாவலாசிரியருக்கு,

உன் வாதத்தில் ஓட்டையே இல்லை. நான் தைத்துக் கொடுத்த சட்டையாயிற்றே! ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒன்று என்று மூன்று நாள் உட்கார்ந்து முயன்றேன். மலைகள் கரைந்தன, ஏழு கடலும் வற்றின. பாப்பாவின் கதவு மட்டும் அப்படியே இருந்தது.

நேற்று அதற்கு வெளியே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். சாட்சி, கீட்சி எதுவும் பேசவில்லை. பயந்துவிட்டேன் என்றேன்.

“அவன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லத் தெரியலையா?” என்று உள்ளிருந்து கேட்டாள்.

எந்த உபநிஷத்திலும் இதற்குப் பதில் இல்லை. தாழ்ப்பாளை மட்டும் திறந்து வைத்தாள்.

முன்னுரை வராது. கடிதமும் வராது. நீ வேறு, நான் வேறு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா