ஷோகேஸில் புதுக் குடித்தனம்

ஏங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. நான் வர சாயங்காலம் ஆகும்.

உங்க அண்ணன் வர்றதுக்குள்ள "அந்த விளையாட்டுச் சாமானை" ஒளிச்சு வைக்கச் சொன்னீங்க. முடியாது. உள்ளங்கை அகலம்தான், ஆனா தொட்டி நிரம்பினா மோட்டாரை நிறுத்துறது அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்தான். மோட்டாரை நிறுத்துறது உங்க பொறுப்பா இருந்தப்ப மாடிப்படியில அருவி ஓடினது தெருவுக்கே தெரியும்.

போன தடவை உங்க போனைச் சார்ஜ் பண்ண அதோட வயரைப் பிடுங்கினீங்க. மெமரி கார்டு போச்சு, அதுல நான் ரெண்டு வாரமா எழுதின புரோகிராமும் போச்சு. கேட்டா, "மேனேஜரா இருக்கிற எனக்கு இது தெரியாதா?"ன்னீங்க. தெரியல. முறையா அணைக்காம பிடுங்கக் கூடாது. இன்னிக்கும் கை வச்சா, நான் மறுபடி எழுதி முடிக்கிற வரைக்கும் மோட்டாருக்குக் காவல் நீங்கதான்.

அண்ணன் கேட்டா, என் பொண்டாட்டி செஞ்சதுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. மீசை உதிர்ந்துடாது.

பி.கு: அதை ஷோகேஸ்ல வச்சுட்டேன். சூடாகும், அடியில காத்துப் போகணும். அதனால உங்க "சிறந்த மேலாளர்" கேடயம் ரெண்டையும் படுக்கப் போட்டு முட்டுக்கொடுத்திருக்கேன். நல்லவேளை, ரெண்டும் மரம். இரும்பா இருந்தா ஷார்ட் ஆகியிருக்கும். வாங்கின நாளிலேர்ந்து இப்பதான் அதுங்க ஒரு வேலை பாக்குது.