ஜூனோவை அனுப்பி வையுங்கள்

ராப்பஹானக் ஆற்றங்கரை, வர்ஜீனியா
1752 மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். புகையிலைக்கு நாற்று விட்டாகிவிட்டது. எனக்கு ஜூன் மாதம் பிரசவம். கல்யாணச் சீராக நம் வீட்டு அடிமை ஜூனோவைத் தருவதாகச் சொன்னீர்கள், இன்னும் அனுப்பவில்லை. எனக்கு அம்மை கண்டபோது யாரும் கிட்டே வரவில்லை, அவள்தான் பக்கத்திலேயே கிடந்தாள். அவள் அருகில் இல்லாமல் பிள்ளை பெற எனக்குத் தைரியமில்லை. அவளையும் அவள் மகளையும் படகேற்றிவிடுங்கள்.

கீழ்ப்படிந்த மகள்,
லெட்டிஸ் பர்டெட்

தாக்கரல் தோட்டம்
மார்ச் 20

அருமை மகளுக்கு,

ஜூனோ இங்கே இல்லை. கரோலினா நெல்வயலுக்கு ஆள் பிடிக்க வந்தவனிடம் விற்றுவிட்டேன். உன் சிற்றன்னைக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. விருந்தாளிகள் முன்னாலேயே என்னைப் பார்த்து, "இவ தாடைய எங்கியோ பாத்த மாதிரி இல்ல, கர்னல்?" என்று கேட்டாள். அப்புறம் வீட்டில் நிம்மதி ஏது? போகும்போதும் ஜூனோவுக்கு வாய் அடங்கவில்லை. "எசமான், எம்புள்ளையயாவது வித்துடாதீங்க. யாரு பேத்தின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள், படகுத்துறையே கேட்க. பிள்ளை சமையற்கட்டில் இருக்கிறது. உனக்கு ஒரு நல்ல குதிரை அனுப்பியிருக்கிறேன். இதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் தந்தை,
கேவின் தாக்கரல்

ஜூலை 2

ஐயா,

குதிரையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தத் தாடை யாருடையது என்று எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். அவள் எனக்குத் தலை பின்னும்போது கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் சேர்ந்தே தெரியும். நீங்கள் விற்றது என் அக்காவை. எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். ஞானஸ்நானத்துக்கு நீங்கள் வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

லெட்டிஸ்

நவம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பிரசவ உடம்பு, என்னென்னவோ பேசிவிட்டேன். குழந்தை ஓயாமல் அழுகிறாள், தொட்டிலாட்ட ஆள் இல்லை. "வீம்பு பாத்தது போதும், உங்கப்பாகிட்டக் கேளேன்" என்கிறார் என் கணவர். ஜூனோவின் மகளை அனுப்பி வையுங்கள். இந்நேரம் தாயைத் தேடி அழுது ஓய்ந்திருப்பாள். யார் ஜாடை என்று இங்கே யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் பெயரை நான் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. எழுதுங்கள்.

என்றும் உங்கள் மகள்,
லெட்டிஸ்