பந்தல்கால் குழியும் முன்சுவரும்

ராஜ வீதி, காஞ்சிபுரம்
2-5-1971

அன்புக்குரிய அத்தான் அவர்களுக்கு அலமு வணங்கி எழுதுவது. இங்கே நான் நலம். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் எல்லோரும் நலம் என்றும் எழுதலாம். உங்கள் உடம்பைப் பற்றி நீங்களாக எழுதுவதே இல்லை.

கடை பிளான் என்னவாயிற்று என்று கேட்டு நீங்கள் போட்ட கார்டு வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். நகராட்சியில் பிளானை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நம் புதுக் கடையின் முன்சுவர் தெருவுக்குள் வருகிறதாம். ஓவர்சியர் டேப் பிடித்து அளக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் கருட சேவைக்கு வாசலில் பந்தல் போடுகிறோமே, அந்தப் பந்தல்கால் குழிகளை நம் எல்லை என்று எண்ணிக் கோடு போட்டுவிட்டீர்கள். மாமா காலத்திலிருந்து நம் வீட்டில் எல்லோருக்குமே அந்த நினைப்புதான். ஓவர்சியர் சிரித்துவிட்டார். “ஏம்மா, பந்தக்கால் நட்ட எடமெல்லாம் உங்க எடம்னா ஊர்ல தெருவே இருக்காதேம்மா” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க நீங்கள் இல்லையே என்று உடனே கோபமும் வந்தது.

அடுத்தது பெயர்ப் பலகை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே தெரிய வேண்டும் என்று அதைத் தெருப்பக்கம் நீட்டி வரைந்திருக்கிறீர்கள். புறப்பாட்டில் பெருமாள் குடை அதில் இடிக்கும், சுவரோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பட்டு வாங்க வருகிறவர்கள் எப்படியும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

சுவர் பின்னால் போனால் மாடி பால்கனிக்கு இடமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருட சேவையை நாம் இருவரும் மேலேயிருந்து பார்க்கலாம் என்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? பிளானில் அது சின்னக் கட்டம். நான் மனசுக்குள் அதில் இரண்டு நாற்காலி போட்டாயிற்று.

கடைக்காக வீட்டின் முன்பக்கத்தை இடித்துவிட்டதால் இப்போது தெருவுக்கும் எனக்கும் நடுவே ஓலைத் தட்டிதான். போகிறவர் வருகிறவர் பேச்செல்லாம் உள்ளே கேட்கிறது. ஆகவே பேச்சுத் துணை இல்லை என்று நான் குறை சொல்ல முடியாது. மேஸ்திரி சின்னப்பையன் தினமும் வந்து, “அண்ணன் எப்பம்மா வராரு?” என்று கேட்டுவிட்டு, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு போகிறார். பம்பாய்க் கடையை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளப் போனவர் இரண்டு வருஷமாக வரவில்லை என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

வைகாசி பிறந்ததும் நகராட்சிக் கமிட்டி கூடுகிறது. ஆட்சேபம் இருந்தால் சொந்தக்காரர் நேரில் வந்து சொல்லலாமாம். நீங்கள் வர வேண்டும்.

ஒன்றை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. நகராட்சி ஆபீசுக்குப் போனபோது ஓவர்சியர் வேறு வழியும் சொன்னார். “மனையில உங்க பேரும் இருக்குதேம்மா. செவுத்த உள்ள தள்ளிக்கிறோம்னு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அவரு அம்மாந் தூரத்துலேர்ந்து வரணும்னு இல்ல” என்றார். நியாயமான யோசனைதான். போட்டால் மறுநாளே சின்னப்பையன் வேலையைத் தொடங்கிவிடுவார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்னும் போடவில்லை. சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் கார்டு எழுத உங்களுக்கு என்ன இருக்கும்?

தீபாவளிக்கு வருகிறேன் என்றீர்கள், பொங்கலுக்கு என்றீர்கள். கருட சேவைக்காவது வாருங்கள். பால்கனி இல்லாவிட்டால் என்ன, பந்தலுக்குக் கீழே நின்று பார்ப்போம். குழிகள் அப்படியேதான் இருக்கின்றன, நான் யாரையும் மூட விடவில்லை. பெருமாள் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்திடும்,
அலமு