ஏழு பேர் கூப்பிட்ட புதன்கிழமை

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், மனசு எப்படி என்பது போகப் போகத் தெரியும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் மக்கர் செய்கிறது, இறங்கும்போது என்னைவிட வேகம். அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, இனிமேல் சிரிக்கவே மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். குளியலறைக் குழாய் ஒரு இடத்தில் ஒழுகியதை நானே சரி செய்தேன், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஊர்க்கதை போதும். போன வியாழக்கிழமை நீ வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது உன் மனைவி அங்கே இல்லை. அன்றிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு அவள் எங்கே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அம்மாவுக்குத் தெரியாது, அவள் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் விடமாட்டேன், கடைசியில் இருவரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

என் செவ்வாய்க்கிழமை வேலையை நீ எப்போதும் கிண்டல் செய்வாய். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவருக்குக் குடும்பச் சண்டையில் என்ன வேலை என்று கேட்டாய். மாநகராட்சியில் என்னை அழைத்ததே அந்த அட்டவணைக்காகத்தான் என்று அன்றைக்கே சொன்னேன். வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு உதவ இந்த நகரத்தில் போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட், பள்ளிக்கூடம், காப்பகம், சட்ட உதவி, வீட்டு வாரியம் என்று ஏழு இடம் இருக்கிறது, ஆனால் ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது, அவள் ஏழு வாசலிலும் போய் நின்று ஒரே கதையை ஏழு தடவை சொல்ல வேண்டும். அவர்களை வாரம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார வைப்பதுதான் என் வேலை. நூலகத்து மாடி அறை, பத்து மணி, ஒரு நாற்காலிக்கு மட்டும் கால் ஆடும், தாமதமாக வருகிறவருக்கு அது. எப்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நர்ஸம்மாவுக்குத்தான் கிடைக்கும், டியூட்டி முடிந்து அவர் ஓடிவருவதற்குள் நல்ல நாற்காலிகள் போய்விடும். எல்லோரும் தங்கமானவர்கள், மனசு இளகியவர்கள். அந்த இளகிய மனசால்தான் போன வருஷம் ஒரு பெரிய தப்பு நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். மூன்றாவது தடவையாக வழுக்கி விழுந்துவிட்டேன் என்று வந்திருக்கிறாளாம், வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்தில் எப்படி விரல் பதியும் என்று கேட்டார். டீ ஆறிப்போயிற்று. கூட்டம் முடியும்போது நான்தான் சொன்னேன், இந்த வாரம் யாராவது அவளைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள் என்று. எந்த பஸ்ஸை யார் ஓட்டுவது என்று முப்பது வருஷம் எழுதி வைத்தவன், அன்றைக்கு யாராவது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் புதன்கிழமை ஏழு பேரும் கூப்பிட்டார்கள். ஒருவர்கூடத் தட்டிக்கழிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அவள் புருஷன் லீவில் வீட்டில் இருந்தான். அடுத்த செவ்வாய் நாங்கள் கூடியபோது மணிக்கட்டில் கட்டோடு அவளே மாடி ஏறி வந்தாள், எங்களை இடம் கேட்டுக் கண்டுபிடித்து வந்திருந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. என்னைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னாள். "ஒருத்தர் கூப்பிட்டிருந்தா துணி குடுத்தவங்கன்னு சொல்லியிருப்பேன் ஐயா. ஏழு பேருக்கு நான் எங்க போய் காரணம் தேடுவேன்?"

அன்றைக்குத்தான் பலகையில் மூன்று கேள்வி எழுதினேன், இன்னும் அழிக்கவில்லை. யார் பேசுவது, எப்போது பேசுவது, அவளைக் கேட்டாயிற்றா. ஒரு பெண்ணுக்கு ஒரே குரல், அதுவும் அவள் தேர்ந்தெடுக்கிற குரல், மற்ற ஆறு பேரும் பின்னால் நின்று வேலை செய்ய வேண்டும். தையல்காரப் பெண் நர்ஸம்மாவைத் தேர்ந்தெடுத்தாள். அவர் கூப்பிட்டு என் சட்டை தைத்தாயிற்றா என்று கேட்பார், இன்னும் காஜா போடவில்லை என்று அவள் சொன்னால் இப்போது பேசாதே என்று அர்த்தம். எட்டு வாரம் காஜா போட்டுப் போட்டு ஒன்பதாவது வாரம் அவள் பத்திரமாக வெளியே வந்துவிட்டாள். நர்ஸம்மாவுக்கு நிஜமாகவே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள், ஒரு கை கொஞ்சம் நீளம், இருந்தாலும் கூட்டத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்து அத்தனையும் தெரிந்துகொண்ட இதே ஆள், ஞாயிற்றுக்கிழமை உன் வீடியோ காலில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதுகுவலி எப்படியம்மா இருக்கிறது என்று நான் உன் மனைவியைக் கேட்டால் நீ பதில் சொன்னாய். என்ன சமையல் என்று அம்மா கேட்டால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வாயைத் திறந்தாள். வேறு யார் வீட்டிலாவது இதைப் பார்த்திருந்தால் உடனே குறித்து வைத்திருப்பேன். என் வீடு என்பதால் பையன் அக்கறையாக இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம், அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பறை போனிலிருந்து கூப்பிட்டாள். மாமா, நீங்கள் மட்டும்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டாள், அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவள் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். அதன்பிறகு நான் செய்ததைக் கேள். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், என்னால் தாங்க முடியாமல் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் அக்காவிடம் சொன்னாள், அக்கா மாப்பிள்ளையிடம் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் அம்மா மூன்று தடவை, அக்கா ஒரு தடவை அவளைக் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை உன்னையே கூப்பிட்டு ஆம்பளைக்கு ஆம்பளை பேசப் பார்த்தார். எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தோம். பலகையில் அந்த மூன்று கேள்வியை எழுதிய கை இது, சொந்த வீட்டில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் குரலே வரவில்லை. அந்தப் பதினோரு நாளில் நடந்தது உன் கை செய்தது, அதை நான் யார் தலையிலும் மாற்றிவைக்க மாட்டேன். ஆனால் உன் வீட்டு போனை அன்று ஓயாமல் அடிக்க விட்டவன் நான்.

பன்னிரண்டாம் நாள் அவள் பேசினாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன், யார் பேசட்டும், எப்போது பேசட்டும் என்று. நீங்களே பேசுங்கள் மாமா, வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு என்றாள். நான் அவன் அப்பா, யோசித்துச் சொல்லம்மா, இதற்கென்றே பழகியவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "அவர் மாறலைன்னாலும் பரவாயில்ல மாமா. நான் சொன்னது பொய்யில்லன்னு அவரப் பெத்தவருக்குத் தெரிஞ்சா போதும்." அதற்குப் பிறகு வியாழக்கிழமை மத்தியானம் நான் எங்கேயும் போவதில்லை. உங்கள் ஊரிலும் எங்களுடையது மாதிரி ஒரு மேஜை இருக்கிறது, அவள் சம்மதத்தோடு அங்கே ஒரே ஒருவரிடம் பேசினேன். நீ பூட்டி வைத்திருந்த அவளுடைய சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டும் இப்போது அவளிடம் இருக்கின்றன. அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வேலையை விடவில்லை, ஆனால் நீ அறிந்த அந்த இடத்தில் இப்போது வேலை பார்க்கவில்லை. அங்கே போய் நிற்காதே. இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று கேட்டு, முழுவதும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். படித்துக் காட்டிய பிறகு ஓரத்தில் இதைச் சேர்க்கிறேன், இரண்டு வரியை அடிக்கச் சொன்னாள். கீழே மை அப்பியிருக்கிற இடம் அதுதான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காதே.

இன்னொன்று இருக்கிறது, எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு மழை நாளில் கோபத்தில் உன் அம்மாவை வெளியே தள்ளிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நனைவதைப் பார்த்தாய், அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாய். அம்மாவிடம் பத்து வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உன்னிடம் கேட்டதேயில்லை, இப்போது கேட்கிறேன். இதை எடுத்து உனக்குச் சாக்காக வைத்துக்கொள்ளாதே. அதே ஜன்னலில் உன் பக்கத்தில்தான் அக்காவும் நின்றாள், அவள் யாரையும் அடிக்கவில்லை. ▇▇▇▇▇▇▇▇ ▇▇▇▇▇▇▇▇

உறையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். கை நீட்டுகிற ஆண்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுகிற இடம் உங்கள் ஊரில் இருக்கிறது, அதன் விலாசமும் நேரமும் அதில் இருக்கின்றன. உன்னைச் சேர்த்துவிடும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை, நீயே நடந்து போனால்தான் அதற்கு அர்த்தம். போனால் அவள் திரும்பி வருவாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே, அந்த வாக்கை நான் தரவில்லை, அவளும் தரவில்லை. அம்மா என்னோடு ஒரு வாரமாகப் பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். மருமகள் எங்கே என்று தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபம். நீ அழுதால் அவள் சொல்லிவிடுவாள், அவள் மனசு அப்படி, அதனால்தான் சொல்லவில்லை. அவளைக் கூப்பிட்டு நச்சரிக்காதே, முழங்கால்வலியோடு போனுக்கு ஓடிவந்து ஒன்றும் சொல்ல முடியாமல் நிற்கிறாள்.

நீ நல்ல மனுஷனாக வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பதினொரு மணிக்குக் கூப்பிடு, இந்தத் தடவை போனை நான்தான் எடுப்பேன். அவள் எங்கே என்று கேட்பாய். சொல்ல மாட்டேன். எத்தனை தடவை கேட்டாலும், நீ அழுதாலும், அப்பாவா நீ என்று கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு போனை வைத்துவிடாதே, நான் அப்போதும் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா