நிலத்தில் நின்ற ரோஸ்மேரி

அட்டாளைச்சேனை
12.06.2023

மதிப்புக்குரிய விவசாயப் போதனாசிரியர் நல்லரெத்தினம் ஐயாவுக்கு,

தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வல்ல நாயனை வேண்டுகிறேன்.

எங்கள் மாதர் சங்கக் கட்டிடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் அரச காணியில் ரோஸ்மேரி நடக் கேட்ட மனு திரும்பி வந்துவிட்டது. "கரையோர மணலில், மாரி மழையில் இது நிலத்தில் நிலைக்காது. சாடியில் வளர்க்கலாம்" என்று தாங்கள் எழுதியதுதான் காரணம் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். முடி எண்ணெய் செய்கிறவர்கள் கொழும்பிலிருந்து இலை கேட்டு வந்தபிறகு, ஏழு பெண்கள் சேர்ந்து கேட்ட காணி அது. இப்போது நாலு பேர் விலகிவிட்டார்கள்.

கோபத்தில் எழுதவில்லை ஐயா. சாடியிலும் வைத்துப் பார்த்தேன். தங்கள் துண்டுப்பிரசுரத்தில் உள்ளபடி தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன். பன்னிரண்டில் ஒன்பது செத்துப்போனது. எங்கே பிழை விட்டேன்?

இப்படிக்கு,
றிபா


கல்முனை
25.06.2023

அன்புள்ள தங்கச்சி றிபாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மனு தள்ளப்பட்டவர்கள் என்னைத் திட்டித்தான் எழுதுவார்கள். நீங்கள் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

செத்த செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, கெட்ட மணம் வந்தால் தண்ணீர் கூடிப்போனது. சாடிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். "தினமும்" என்று பிரசுரத்தில் போட்டது என் பிழை.

நிலத்தைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மாரியில் வேர் அழுகும். ஆனாலும் ஜனவரியில் மனுக்களைத் திரும்பப் பார்ப்பார்கள். மார்ச்சில் நான் ஓய்வு பெறுகிறேன். மாரியைத் தாண்டி உங்கள் வீட்டு வளவில் நிலத்தில் செடி நின்றால் அறிவியுங்கள். வந்து பார்ப்பேன்.

அன்புடன்,
க. நல்லரெத்தினம்


அட்டாளைச்சேனை
14.10.2023

அன்புள்ள ஐயாவுக்கு,

வேர் கறுத்துத்தான் இருந்தது. மிஞ்சிய மூன்றிலும் தண்டு வெட்டி, ஈர மணலில் வைத்து வேர் பிடிக்கவிட்டேன். ஐந்தைச் சாடியில் வைத்தேன். வளவு மணலை முழங்கால் உயரத்துக்குக் குவித்துப் பாத்தி கட்டி, அதில் பதினைந்தை நட்டேன்.

வறண்ட கச்சான் காற்றுக்குச் சாடி இரண்டு நாளில் காய்ந்துவிடுகிறது. நிலத்தில் உள்ளதற்கு முதல் மூன்று கிழமைதான் அடிக்கடி ஊற்றினேன். இப்போது கிழமைக்கு ஒரு தரம் போதும். ஊற்றிய நாளெல்லாம் கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஸம்ஸியா தாத்தாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. எங்கள் ஏழு பேரில் அவவும் ஒராள், எனக்கு அக்கா மாதிரி. "தண்ணி குடுக்காம வளக்கிற செடியும் இரிக்கா புள்ள?" என்று கேட்டா. நான் இல்லாத நேரம் பார்த்து ஒரு வாளி ஊற்றியும் விட்டா. இரண்டு நாள் நான் அவவோடு கதைக்கவில்லை.

மாரி தொடங்கப் போகிறது. பயமாக இருக்கிறது ஐயா.

றிபா


கல்முனை
09.01.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று உங்கள் வளவில் நான் அதிகம் பேசாமல் திரும்பியதைத் தவறாக எடுக்கவேண்டாம். பதினைந்தில் பதின்மூன்று நிற்கிறது. சுற்றிலும் வெள்ளம் தேங்கிக் கிடக்க, பாத்தி மேல் மணலில் கை வைத்தேன், ஈரம் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்கவென்று சாடிகளையும் மழையிலேயே விட்டிருந்தீர்கள். ஐந்தில் இரண்டுதான் மிச்சம். அந்தக் கொப்பியைப் போல ஒரு குறிப்பை எங்கள் விவசாயக் கந்தோரில் நான் கண்டதில்லை.

முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன். நான் ஒரு நாளும் ரோஸ்மேரி நட்டதில்லை. மலைநாட்டுக் குறிப்புகளை வாசித்து, நம் மணலைப் பற்றி முடிவு சொல்லிவிட்டேன். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை புதிய அறிக்கை கொடுத்தேன். "முந்திய பரிந்துரை பிழையானது" என்பதுதான் முதல் வரி. பிரதி இத்துடன் இருக்கிறது. "போகப்போற நேரத்தில இது தேவையா சேர்?" என்று கந்தோரில் கேட்டார்கள். உங்கள் வளவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

மரியாதையுடன்,
க. நல்லரெத்தினம்


அட்டாளைச்சேனை
03.03.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ், காணி கிடைத்துவிட்டது. விலகிப் போன நாலு பேரும் வந்துவிட்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் சங்கத்துக்கு ஆலோசகர் ஒருவரைப் போடவேண்டும் என்று கதை வந்தது. நான் தங்கள் பெயரைச் சொன்னேன். ஸம்ஸியா தாத்தா எழும்பிவிட்டா.

"எங்கட மனுவத் தள்ளின ஆளையா புள்ள போடச் சொல்றா?"

"ஓம் தாத்தா. தள்ளினது பிழையெண்டு தன்ட கையால எழுதித் தந்ததும் அவர்தான். அப்பிடி இன்னொருத்தரக் காட்டுங்க, அவரப் போடுவம்."

முதலில் கை உயர்த்தியது ஸம்ஸியா தாத்தாதான்.

வியாழக்கிழமை பாத்தி கட்டத் தொடங்குகிறோம். அன்றைக்குத் தாங்கள் ஓய்வு பெற்றுச் சில நாள் ஆகியிருக்கும். வாருங்கள் ஐயா. முதல் செடியைத் தாங்கள் நடவேண்டும்.

றிபா