கசக்காத கொயினா

12 சனவரி 1935, கண்டி

மலேரியா மருந்தான கொயினாவின் கசப்பைக் கழற்றினால் காய்ச்சலை அடக்கும் குணம் மிஞ்சுமா? எனக்குத் தெரியாது. சென்னைக் கல்லூரி ஆய்வுகூடத்தில் உடன் படித்த பொன்னம்மாவும் நானும் அதை நக்கிப் பார்த்து, முகம் சுளித்துச் சிரித்தபடி இதற்காகவே சண்டை போட்டோம். "மூலக்கூற்றில ஒரு மூலைய மாத்தினாப் போதுமடி" என்பாள். இன்று பகல் முழுவதும் அவள் நினைவு.

மலேரியாவில் கிடக்கும் மகள் கொயினாவை வாந்தியெடுப்பதாக மடவளைக் கிராமத்திலிருந்து ஒரு முஸ்லிம் உம்மா நான் மருந்து கொடுக்கும் மருந்துச்சாலைக்கு வந்து அழுதார். பொன்னம்மா சொன்னதுபோலவே மூலக்கூறை மாற்றிச் செய்து, சீமையிலிருந்து வந்திருந்த கசக்காத கொயினாத் தூளைக் கொடுத்தனுப்பினேன்.

13 சனவரி: உம்மா திரும்பி வந்தார். "கசக்காம என்ன மருந்து மிஸ்? பாவக்காச் சாறு கலந்து குடுத்தேன். எல்லாத்தையும் கக்கிட்டா." கூடவே போய், தூளைத் தேனில் குழைத்து நானே ஊட்டினேன். அந்தியில் காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் இந்தக் காய்ச்சல் நாளை மறுநாளும் வராவிட்டால்தான் நம்புவேன்.